சாவி தொலைந்த பெட்டி

மார்ச் மாதம் பிறந்தால் அரசு அலுவலகங்களில் பண்டக அறை திறக்கப்படும். உடைந்த நாற்காலி எத்தனை, ஓடாத மின்விசிறி எத்தனை, துருப்பிடித்த பீரோ எத்தனை என்று டெட் ஸ்டாக் பதிவேட்டில் டிக் போட்டுக்கொண்டே வரும் குமாஸ்தா, மூலையில் தூசு மூடிக் கிடக்கும் ஒரு பெட்டியின் முன் வந்து நிற்பார். ஒரு காலத்தில் வெளுப்பாக இருந்து இப்போது மஞ்சள் பூத்த கம்ப்யூட்டர் கேபினெட். முகப்பில் இரண்டு சிறிய விளக்குகள், ஒரு பட்டன், பக்கத்தில் வட்டமாக ஒரு பூட்டு. மூடியை இழுத்தால் அசையாது. சாவி எங்கே? யாருக்கும் தெரியாது. முப்பது ஆண்டுகளுக்கு முன் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் மாறுதலாகிப் போய், ஓய்வும் பெற்றுவிட்டிருப்பார். சாவி அவருடைய மேசை டிராயரோடு சேர்ந்து ஏலத்தில் போயிருக்கலாம்.

அடுத்து நடப்பது தில்லியானாலும் திருச்சியானாலும் ஒன்றுதான். ஒருவர் சுத்தியலும் உளியும் கொண்டுவரச் சொல்வார். இன்னொருவர், "எதற்கு வம்பு? அப்படியே பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடலாம்" என்பார். இரண்டு யோசனையும் தவறு. முதலாவது, உள்ளே இருப்பதை உடைத்துவிடும். இரண்டாவது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே அதை ஊராரிடம் கொடுத்துவிடும். பெட்டிக்கு இன்று மதிப்பு எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் ஒரு கூட்டுறவு சங்கத்தின் கடன் கணக்கோ, ஒரு தொழிற்சாலையின் சேமநல நிதிப் பேரேடோ, ஒரு பள்ளியின் மாணவர் பதிவோ இருக்கலாம். காகிதப் பிரதியைக் கரையான் தின்றுவிட்டிருந்தால், அந்தப் பெட்டிதான் கடைசிச் சாட்சி.

கம்ப்யூட்டருக்குப் பூட்டு எதற்கு என்று இன்றைய இளைஞர்கள் கேட்பார்கள். 1981ல் ஐ.பி.எம். தன் முதல் பர்சனல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தபோது அதில் பூட்டு இல்லை. தேவையும் இல்லை. கணக்கு முழுவதும் ஃபிளாப்பியில் இருந்தது. வேலை முடிந்ததும் ஃபிளாப்பியை எடுத்து மேசை டிராயரில் வைத்துப் பூட்டினால் போதும். 1984 ஆகஸ்டில் அதே நிறுவனத்தின் ஏ.டி. மாடல் வந்தது. அதன் உயர் ரகத்தில் 20 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் இருந்தது. கணக்கு இப்போது பெட்டிக்குள்ளேயே குடியேறிவிட்டது. அதனால் பூட்டும் டிராயரை விட்டுப் பெட்டிக்கு வந்து சேர்ந்தது. ஏ.டி.யின் முகப்புப் பூட்டுக்கு இரண்டு வேலைகள். மூடியைக் கழற்ற விடாது. கீபோர்டில் எதைத் தட்டினாலும் உள்ளே போக விடாது. பூட்டிய நிலையில் மின்சாரம் கொடுத்தால் திரையில் 302 என்ற எண்ணோடு ஒரு செய்தி வரும். பெட்டி பூட்டியிருக்கிறது என்று பொருள்.

அதே 1984 நவம்பரில் மத்திய அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்தது. இறக்குமதிக் கெடுபிடிகள் தளர்ந்தன. வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றி ரங்கராஜன் கமிட்டி அறிக்கை தந்ததும் அந்த ஆண்டுதான். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் ஏ.டி.யின் அச்சில் வார்த்த கம்ப்யூட்டர்கள் இந்திய அலுவலகங்களுக்குள் நுழைந்தன. அவற்றோடு பூட்டும் வந்தது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும்தான் ஏ.சி. இருக்கும், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இயந்திரத்தின் விலை ஒரு குமாஸ்தாவின் ஆண்டுச் சம்பளத்தைப் போலப் பல மடங்கு. சாவி அதிகாரியின் கொத்தில் தொங்கியது. அது திருட்டைத் தடுக்க மட்டுமல்ல. யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதைச் சொல்லும் அடையாளமும் அதுவே.

ஆனால் ஒரு விஷயத்தில் அந்தச் சாவிக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை. வங்கியில் பாதுகாப்பு அறையின் சாவி இரண்டு பேர் பொறுப்பில் இருக்கும். மாற்றுச் சாவியை உறையிலிட்டு முத்திரை வைத்து வேறொரு கிளையில் வைப்பார்கள். ஒருவர் மாறிப் போனால் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்தவரிடம் ஒப்படைப்பார்கள். கம்ப்யூட்டர் சாவியோ காகிதக் கொக்கியில் மாட்டப்பட்டு, பேனா ஸ்டாண்டில் போடப்பட்டு, கடைசியில் காணாமல் போனது. புது இயந்திரம் வந்ததும் பழையது பண்டக அறைக்குப் போனது. கடைசியாக அதை நகர்த்தியவர், விளையாட்டாகவோ பொறுப்பாகவோ, பூட்டிவிட்டுப் போயிருப்பார்.

திறப்பதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இது யாருடைய பெட்டி? வீட்டுப் பரணில் தாத்தா வைத்துவிட்டுப் போனது என்றால் வீட்டாரின் சம்மதம் போதும். அலுவலகப் பெட்டி என்றால் பொறுப்பான அதிகாரியிடமிருந்து எழுத்து மூலமான அனுமதி வேண்டும். உரிமையாளரின் அனுமதியின்றி ஒரு கம்ப்யூட்டருக்குள் நுழைவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 ஏற்பதில்லை. இன்னொரு சட்டத்தை அலுவலகங்களில் பலர் மறந்தே போனார்கள். அது பொது ஆவணச் சட்டம், 1993. மத்திய அரசுக்கும் அதன் பொதுத் துறை நிறுவனங்களுக்கும் பொருந்தும் அந்தச் சட்டத்தின் கணக்கில், கம்ப்யூட்டரில் உருவான பதிவும் ஆவணம்தான். உரிய முறைப்படி அல்லாமல் அதை அழித்தால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுத்தியலை ஓங்குபவர் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டிய பிரிவு அது.

அனுமதி கிடைத்தாயிற்று. இரண்டாவது கேள்வி: உண்மையிலேயே பெட்டி பூட்டியிருக்கிறதா? வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பெட்டி திறக்காததற்குப் பல சமயம் பூட்டு காரணமே அல்ல. ஐ.பி.எம். ஏ.டி.யில் பூட்டு மூடியையும் சேர்த்துப் பிடித்தது. அதைப் பார்த்துச் செய்த மலிவான கேபினெட்டுகள் பலவற்றில் அது வெறும் மின் சுவிட்ச். மூடியை அது தொடுவதே இல்லை. பின்பக்கம் நான்கைந்து ஸ்க்ரூக்கள் இருக்கும். அவற்றைக் கழற்றி, மூடியைப் பின்புறமாகவோ முன்புறமாகவோ நகர்த்தி, பிறகு மேலே தூக்க வேண்டும். பல ஆண்டு தூசும் துருவும் சேர்ந்து மூடியை இறுக்கியிருக்கும். உள்ளங்கையால் நாலு பக்கமும் மெதுவாகத் தட்டினால் விட்டுக்கொடுக்கும்.

அப்படித் திறந்துவிட்டால் கீபோர்டுப் பூட்டு ஒரு பிரச்சினையே இல்லை. முகப்புப் பூட்டின் பின்னாலிருந்து மெல்லிய ஒயர்கள் கிளம்பி, மதர்போர்டில் ஐந்து ஊசிகள் கொண்ட ஓர் இடத்தில் போய் முடியும். பூட்டைத் திருப்பும்போது இந்த ஒயர்கள் ஒன்றோடொன்று இணைகின்றன. அதைப் பார்த்துத்தான் கீபோர்டை நிர்வகிக்கும் சிப் வாயை மூடிக்கொள்கிறது. அந்தச் செருகியை உருவிவிட்டால் இணைப்பு அறுந்துவிடும். பூட்டு திறந்துவிட்டது என்று சிப் நினைத்துக்கொள்ளும். அதிகாரியின் கொத்தில் தொங்கிய கம்பீரமான சாவியின் முழுச் சக்தியும் இந்த ஒயர்களுக்குள் அடக்கம்.

மூடியையே பிடித்திருக்கும் பூட்டு என்றால் பொறுமை வேண்டும். முதலில் சாவியைத் தேட வேண்டும். தேடியாயிற்று என்று சொல்பவர்களில் பலர் தேடியிருக்க மாட்டார்கள். பெட்டியின் பின்பக்கத்தில் செல்லோ டேப் போட்டு ஒட்டியிருக்கிறதா, இயந்திரத்தோடு வந்த கையேட்டின் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறதா, அலுவலகச் சாவிப் பலகையில் பெயரில்லாமல் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதே சமயத்தில் வாங்கிய வேறு கம்ப்யூட்டர்கள் இருந்தால் அவற்றின் சாவியையும் போட்டுப் பார்க்கலாம். மலிவுக் கேபினெட்டுகளில் ஒரே சாவி பல பெட்டிகளைத் திறந்தது. அந்தப் பூட்டு உண்மையில் பூட்டே அல்ல, பூட்டின் பொம்மை. தில்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களின் டப்பாவில் இப்படிப்பட்ட குழாய்ச் சாவிகள் கிடைத்தால் அதிசயமில்லை. பூட்டின் முகத்தில் ஏதாவது எண் பொறித்திருந்தால் குறித்துக்கொள்ள வேண்டும். நல்ல பூட்டுகளில் அந்த எண்ணை வைத்தே சாவி வெட்ட முடியும்.

சாவி கிடைக்கவில்லை என்றால் கண்ணுக்கு வேலை. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, முகப்பில் ஃபிளாப்பி டிரைவுக்கு மேலோ கீழோ இருக்கும் வெற்றுத் தகட்டைப் பார்க்க வேண்டும். அதற்குப் பின்னால் காலி இடம்தான். தகடு பெரும்பாலும் பிளாஸ்டிக் கொக்கிகளில் நிற்கும். அது வந்துவிட்டால், ஒரு டார்ச்சும் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடியும் போதும். பூட்டின் முதுகு தெரியும். அங்கே ஒரு சிறு உலோக நாக்கு இருக்கும். சாவியைத் திருப்பும்போது இந்த நாக்குதான் சுழன்று மூடியின் கொக்கியில் போய் விழுகிறது. பூட்டைக் கேபினெட்டோடு பிடித்து வைத்திருப்பது ஒரு நட்டு, அல்லது குதிரை லாட வடிவத்தில் ஒரு கிளிப். கை எட்டினால் நட்டைத் தளர்த்தலாம், கிளிப்பை உருவலாம். பூட்டு முழுசாகக் கையோடு வந்துவிடும். உடையாமல், கீறாமல், பூட்டியபடியே வரும். சில கேபினெட்டுகளில் முகப்பு முழுவதுமே கழன்று வரும். ஆனால் முப்பது வயதான பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. நெம்பினால் நொறுங்கும்.

இதற்கும் மசியாத பூட்டுக்கு ஆள் வேண்டும். பூட்டுக்குப் பெயர் போன ஊர்கள் நாட்டில் உண்டு. வடக்கே அலிகார், தெற்கே 2019ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல். ஆனால் அங்கே பழகிய கைக்கும் இந்த வட்டப் பூட்டு கொஞ்சம் புதிது. சாதாரணச் சாவியில் வெட்டு ஓரத்தில் இருக்கும். இதில் சாவி ஒரு குழாய். வெட்டுகள் குழாயின் விளிம்பில் இருக்கும். பூட்டுக்குள் வழக்கமாக 7 பின்கள் வட்டமாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் அதற்குரிய ஆழத்துக்கு அழுத்தினால்தான் பூட்டு திரும்பும். நடைபாதையில் அரத்தோடு உட்கார்ந்திருக்கும் சாவிக்காரர் தன் கொத்தில் இருக்கும் கம்பிகளால் இதை ஒவ்வொரு பின்னாகத் தள்ளிப் பார்க்கலாம். ஆனால் ஏழில் ஒரு பங்கு திரும்பியதுமே பின்கள் அடுத்தடுத்த ஓட்டைகளில் விழுந்து மறுபடி பூட்டிக்கொள்ளும். மீண்டும் முதலிலிருந்து வேலை. பாதி வழியில் விட்டுவிட்டால் அசல் சாவி கிடைத்தாலும் நுழையாது. அதனால் அரைகுறை முயற்சி ஆபத்து.

இதற்கென்றே ஒரு கருவி உண்டு. குழாய்ச் சாவி போலவே இருக்கும். விளிம்பில் ஏழு மெல்லிய உலோகக் கீற்றுகள் முன்னும் பின்னும் நகரும். பூட்டில் வைத்து மெல்ல அழுத்தி லேசாக ஆட்டினால், கீற்றுகள் ஒவ்வொன்றும் தன் பின்னின் ஆழத்தைக் கண்டுபிடித்து அங்கேயே நின்றுவிடும். பூட்டு திறக்கும். அதோடு, அந்தக் கீற்றுகள் நின்ற அளவைக் கொண்டு புதுச் சாவியும் வெட்டிக்கொள்ளலாம். தொலைந்ததைப் பூட்டே திருப்பித் தருகிறது. பெரிய நகரங்களில் கார் பூட்டு, லாக்கர் பூட்டு பார்க்கும் கடைகளில் விசாரித்தால் கருவி வைத்திருப்பவர் கிடைப்பார்.

இந்த வகைப் பூட்டின் மேல் அளவுக்கு மீறிய பயம் வேண்டியதில்லை. 2004 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு கூத்து நடந்தது. விலை உயர்ந்த சைக்கிள் பூட்டுகளில் பயன்பட்ட இதே வட்டப் பூட்டை, சாதாரண பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயை அழுத்தித் திருப்பியே சிலர் திறந்து காட்டினார்கள். குழாய் சரியான அளவில் இருந்தது, பிளாஸ்டிக் பின்களுக்கு ஏற்ப நசுங்கிக் கொடுத்தது. வேறு ரகசியம் இல்லை. பூட்டு நிறுவனம் பழைய பூட்டுகளை வாங்கிக்கொண்டு புதியவை தர வேண்டியதாயிற்று. எல்லா வட்டப் பூட்டும் பேனாவுக்குப் பணியாது. ஆனால் பார்வைக்குக் கம்பீரமாக இருப்பது வேறு, காவல் வேறு என்பது அன்று ஊருக்கே தெரிந்தது.

செய்யக்கூடாதவையும் உண்டு. பூட்டு இறுகியிருந்தால் நம்மவர்கள் கை முதலில் தேங்காய் எண்ணெய்க்குப் போகும். எண்ணெய் தூசைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நாளில் பசையாகும். பென்சில் கரியைப் பொடித்துத் தூவுவது பூட்டுக்கு நல்ல வைத்தியம்தான், கதவுப் பூட்டுக்கு. கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும். பூட்டுக்குப் பின்னால் மதர்போர்டு இருப்பதை மறக்கக்கூடாது. மூடியின் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பினால் தகடு வளையும். உள்ளே அதை ஒட்டி ஓடும் ரிப்பன் கேபிள் கிழியும்.

டிரில் போடுவது கடைசி வழி. வட்டப் பூட்டின் நடுவே துளைத்தால் பின்கள் சிதறி, பூட்டு திரும்பிவிடும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் பறக்கும் பித்தளை, இரும்புத் துகள்கள் உள்ளே போய் விழும். தலைமுடி அளவுள்ள ஒரு துகள் இரண்டு ஊசிகளுக்கு நடுவே விழுந்தால் போதும், மின்சாரம் கொடுத்ததும் மதர்போர்டு போய்விடும். பூட்டைத் திறந்தவர் வெற்றியோடு ஸ்விட்சைப் போடுவார், புகைதான் வரும். வேறு வழியே இல்லை என்றால் பெட்டியின் முகப்பு தரையைப் பார்க்கும்படி சாய்த்து, துகள் கீழே விழும்படி துளைக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். திறந்தபின் தூரிகையால் ஒவ்வோர் இடமாகச் சுத்தம் செய்யாமல் மின்சாரத்தின் பக்கம் போகக்கூடாது.

எந்த வழியானாலும் மூடி திறந்தாயிற்று. இனிதான் அவசரப்படக்கூடாது. ஸ்விட்சைப் போட்டு ஓடுகிறதா என்று பார்க்கத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். முதலில் பார்க்க வேண்டியது பாட்டரியை. 386, 486 காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் சிறு பீப்பாய் வடிவத்தில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பாட்டரி ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். தேதியையும் நேரத்தையும் நினைவு வைத்துக்கொள்வது அதன் உதவியால்தான். வயதானால் அது கசியும். கசிவு காரத்தன்மை உள்ளது. பச்சையும் நீலமுமாகப் பூத்து, போர்டின் செம்புக் கோடுகளை அரித்துக்கொண்டே போகும். பல போர்டுகளில் இந்தப் பாட்டரி கீபோர்டு இணைப்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால், முதலில் சாவது கீபோர்டு. வெளியே பூட்டு கீபோர்டைக் காவல் காத்துக்கொண்டிருக்க, உள்ளே பாட்டரி அதைத் தின்றுகொண்டிருக்கிறது.

பூட்டிய பெட்டியை அப்படியே பத்திரமாக வைத்திருப்போம் என்பவர்களுக்கு இதுதான் பதில். பூட்டிய பெட்டி பத்திரமாக இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கிறது. கசிந்த பாட்டரியை வெட்டி எடுத்துவிட வேண்டும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது, காட்மியம் நஞ்சு. பூத்த இடத்தில் வினிகரைத் தொட்டுத் துடைத்தால் காரம் அடங்கும். பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக்கூடாது. பவர் சப்ளை என்ற உலோக டப்பாவை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் திறக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

பாட்டரி போனால் தேதி மட்டுமா மறந்துபோகும்? தனக்குள் எந்த ஹார்ட் டிஸ்க் இருக்கிறது என்பதையும் இயந்திரம் மறந்துவிடும். அந்தக் காலத்து டிஸ்க்குகளுக்கு சிலிண்டர் எத்தனை, ஹெட் எத்தனை, செக்டர் எத்தனை என்று மனிதர்தான் சொல்லித்தர வேண்டும். அதனால் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தில் உள்ள எண்களைக் கிழியாமல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். 1980களின் டிஸ்க் என்றால், அதை அதன் கன்ட்ரோலர் கார்டோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும். அந்தக் கார்டு எழுதியதை வேறு ரகக் கார்டு படிக்காமல் போகலாம். கணவனையும் மனைவியையும் பிரிக்கக்கூடாது என்பது இங்கே தொழில்நுட்ப விதி. பிந்திய ஐ.டி.இ. டிஸ்க் என்றால் வேலை கொஞ்சம் எளிது. எதுவானாலும் முதலில் முழுசாக ஒரு பிரதி எடுத்துவிட்டு, பிரதியில்தான் தேட வேண்டும். பழைய டிஸ்க் இரண்டாவது முறை சுழலும் என்பதற்கு யாரும் ஜாமீன் தர முடியாது.

பிரதி எடுத்தபின் அடுத்த பூட்டு காத்திருக்கிறது. கணக்கு ஆங்கிலத்தில் டிபேஸ் கோப்பாக இருந்தால் இன்றைய கம்ப்யூட்டரிலும் படித்துவிடலாம். இந்திய மொழியில் இருந்தால்? அந்தக் காலத்தில் புனேயின் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் கார்டைப் பொருத்தினால்தான் திரையில் தமிழோ இந்தியோ தெரியும். எழுத்துக்களுக்கு இஸ்கி என்ற குறியீடு. 1991ல் அது இந்தியத் தர நிர்ணயமானது. பிறகு விண்டோஸ் வந்தபோது, தமிழில் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. 1999ல் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டைத் தரப்படுத்தும்வரை ஒருவர் அடித்ததை இன்னொருவரின் இயந்திரம் படிக்காது. இன்று யூனிகோடில் திறந்தால் அந்தக் கோப்பு குப்பைக் கூளமாகத் தெரியும். குப்பை அல்ல; சாவி தொலைந்த எழுத்து. எந்த மென்பொருளில், எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதனால் பெட்டியோடு கிடக்கும் ஃபிளாப்பிகளையும் கையேடுகளையும் சேர்த்தே எடுத்து வைக்க வேண்டும்.

இத்தனையும் ஒரு பழைய டப்பாவுக்காகவா என்று கேட்கலாம். கேட்பவர்கள் தங்கள் சட்டைப் பையில் இருக்கும் போனையும் மேசை மேல் இருக்கும் லேப்டாப்பையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். 1987ல் ஐ.பி.எம். பி.எஸ்./2 வரிசையைக் கொண்டுவந்தபோது, முகப்புப் பூட்டோடு பாஸ்வேர்டும் இருந்தது. பாஸ்வேர்டை மறந்தால் மூடியைத் திறந்து பாட்டரியையோ ஜம்பரையோ தொட்டால் அது அழிந்துவிடும். அதாவது பாஸ்வேர்டுக்கே இரும்புப் பூட்டுதான் காவல். இரும்புப் பூட்டுக்கு நட்டு, கிளிப், பின், கருவி என்று ஏதோ ஒரு வழி இருந்தது. சாவி தொலைத்தவனை அது கொஞ்சம் அலைக்கழித்தாலும், கடைசியில் மன்னித்துவிடும்.

இன்றைய பூட்டு அப்படி இல்லை. புதிய விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் தானாகவே மறையாக்கம் ஆகிவிடுகிறது. திறக்க 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அது எங்கே சேமிக்கப்பட்டது என்பது உரிமையாளருக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. எண் தொலைந்தால் மூடியைத் திறந்து பயனில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு இயந்திரத்தில் போட்டாலும் பயனில்லை. நடைபாதைச் சாவிக்காரரும் நேரு பிளேஸ் மெக்கானிக்கும் கையை விரித்துவிடுவார்கள். திருடனிடமிருந்து அது காப்பாற்றுகிறது, உண்மைதான். ஆனால் குடும்பத் தலைவர் திடீரென்று போய்விட்டால், அவருடைய மனைவியையும் திருடனையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஆக, பண்டக அறையில் கிடக்கும் மஞ்சள் பெட்டியை இப்போதே திறந்துவிடுவது நல்லது. இன்னும் திறக்க முடிகிறது என்பதே அதன் அதிர்ஷ்டம். உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்து, ஆவணமாக வைக்க வேண்டியதை வைத்து, அழிக்க வேண்டியதை முறைப்படி அழித்த பிறகு, இயந்திரத்தைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின் கழிவு விதிகள் அலுவலகங்களிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். பிறகு அதே பொறுமையோடு, இப்போது பயன்பாட்டில் இருக்கும் இயந்திரங்களின் மீட்பு எண்களைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு, வங்கிச் சாவியைப் போல இரண்டு பேர் பொறுப்பில் வைக்கலாம். வீட்டிலும் இது பொருந்தும்.

டெட் ஸ்டாக் பதிவேட்டில் வாங்கிய தேதிக்கு இடம் உண்டு, விலைக்கு உண்டு, கழித்த தேதிக்கும் உண்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுத மட்டும் பெரும்பாலும் இடம் இருப்பதில்லை. ஒரு ஸ்கேலும் பேனாவும் இருந்தால் அந்தக் கட்டத்தை இந்த மார்ச்சிலேயே கோடு போட்டுச் சேர்த்துவிடலாம்.